அரைத் தலைக்கட்டு

"ஏத்தியே தீரணும்னு சட்டம் சொல்லல. ஏத்தினா உங்க ஊருக்கு நல்லதுன்னு நான் சொல்றேன்."

"எங்க ஊர்ல இப்ப ஏறிக்கினு கீறது வெயில் ஒண்ணுதான் சார். அதும்மேல வரியும் ஏறிச்சின்னா நான் ஊருக்குள்ள தல காட்ட முடியாது."

"தலையில துண்டு போட்டுக்குங்க."

சொன்னவர் சிரிக்கவில்லை. அவர் ஸ்ரீபெரும்புதூர் யூனியன் ஆபீசுக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த பி.டி.ஓ. எதிரே உட்கார்ந்திருந்தவர் புங்கந்தாங்கல் பஞ்சாயத்துத் தலைவர் நரசிம்மன். தலைக்கு மேலே மின்விசிறி நின்று வெகுநேரமாகியிருந்தது. எழுபத்தைந்தாம் வருடத்து மாசி மாதம். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத காலம்.

இரண்டு வருடமாக மழை இல்லை. ஏரி காய்ந்து, ஜனங்கள் கரையைச் சுற்றிப் போவதை விட்டுவிட்டு ஏரிக்குள்ளேயே குறுக்குப் பாதை போட்டுக்கொண்டார்கள். கரண்ட் இல்லாமல் அம்பத்தூரில் கம்பெனிகள் மூடியதால், வேலைக்குப் போயிருந்த பையன்கள் ஒவ்வொருவராகப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். இந்த நேரத்தில் போய் வீட்டு வரியை ஏற்றச் சொல்கிறாரே, இவருக்கு ஊரில் பெண்டு பிள்ளைகள் இருக்கிறார்களா இல்லையா என்று நரசிம்மன் மனதுக்குள் கேட்டுக்கொண்டார்.

பி.டி.ஓ. பொறுமையான மனிதர். பாடம் நடத்துவதுபோல் மறுபடி ஆரம்பித்தார்.

"ஊர்ல வேலை இல்ல. வேலை குடுக்கணும்னா சர்க்கார் செலவு பண்ணணும். செலவு பண்ணப் பணம் வேணும். அது மேலேர்ந்து கொட்டாது. மேலேர்ந்து கொட்ட வேண்டியதே கொட்டல. அதனால யாராவது முதல்ல எடுத்து வைக்கணும். கூரை வீட்டைத் தொடாதீங்க. ஓட்டு வீட்டுக்கு மட்டும் ஒண்ணரை மடங்கா ஆக்குங்க. ஓடு போட்டவன் தாங்குவான். நீங்க எவ்வளவு வீட்டு வரி வசூல் பண்றீங்களோ அதே அளவு சர்க்கார் தன் பங்குக்குப் போடும். ரெண்டையும் சேத்து ஏரியைத் தூர் வாருங்க. வரி குடுத்தவனே மண்ணு வெட்டிக் கூலியா எடுத்துக்குவான். ஒண்ணு குடுத்தா ரெண்டு."

"ஒண்ணு குடுத்தா ரெண்டுன்னு சொன்னா, சீட்டுக் கம்பெனி ஆரம்பிச்சிட்டேன்னு நெனச்சிப்பாங்க சார்."

"நெனச்சுக்கட்டும். ஆனா மார்ச் மாசத்துக்குள்ள வசூல் ஆகணும்."

பஸ்ஸில் திரும்பும்போது நரசிம்மனுக்கு அந்தக் கணக்கு பிடித்துப்போயிருந்தது. அதில் ஒரு வட்டம் இருந்தது. ஒரு கையிலிருந்து எடுத்து, ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து, இரண்டு மடங்காக அதே கையில் வைப்பது. ஜன்னலுக்கு வெளியே பென்னலூர்ப் பக்கத்து வயல்கள் எல்லாம் ஒரே பழுப்பாக ஓடின. அந்தப் பழுப்பின் மேல் தண்ணீர் நிற்பதுபோலவும், அதில் மேகம் ஊர்வதுபோலவும் அவர் கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்தார். கண்டக்டர் வந்து தோளைத் தட்டி, இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்றான்.

பஞ்சாயத்தில் தீர்மானம் போடுவது கஷ்டமாக இல்லை. மெம்பர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்தார்கள். வரி என்பது வசூலிக்கப்படாத ஒன்று என்பது அவர்கள் எல்லாருக்கும் தெரியும். புங்கந்தாங்கலில் வீட்டு வரி கேட்டுப் போகிறவர் பாண்டுரங்கன். பில் கலெக்டர் என்று பெயர். அவர் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டதுமே ஆண்கள் கொல்லைப்புறமாகப் போய்விடுவார்கள். "வூட்ல ஆம்பளைங்க யாரும் இல்லியே" என்று பெண்கள் வாசலுக்கு வந்து சொல்வார்கள். ஒரு வீட்டில் அந்த ஆம்பளையே முழங்கால் வரைக்கும் கதவுக்குப் பின்னால் தெரிந்துகொண்டிருந்தபோதும் அப்படியே சொன்னார்கள். பாண்டுரங்கன் அந்தக் கால்களைப் பார்த்து, "சரி, வந்தா சொல்லு" என்று சொல்லிவிட்டு வந்தார். கண்ணியமான மனிதர்.

ஆனால் அதே வாரம் இன்னொன்று நடந்தது. மழை வேண்டித் திரௌபதி அம்மனுக்குத் திருவிழா எடுப்பதென்று ஊர் கூடியது. தலைக்கட்டு வரியை இந்த வருடம் இரண்டு மடங்காகப் போடலாமா என்று கோயில் காரியங்களைப் பார்க்கிற தணிகாசலம் கேட்டார். பெரியதனம் என்று ஊர் அவரைக் கூப்பிடும். கேட்டு வாய் மூடவில்லை, "போடுங்க" என்று நாலு பக்கத்திலிருந்தும் குரல் வந்தது. கதவுக்குப் பின்னால் கால் தெரிந்த மனிதர்தான் முதல் குரல்.

தலைக்கட்டு என்றால் ஒரு குடும்பம். உள்ளவன், இல்லாதவன் என்கிற பேச்சே கிடையாது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று போட்டால் எல்லாரும் அதைக் கொடுத்தாக வேண்டும். ஆண் துணை போய்விட்ட வீடு மட்டும் அரைத் தலைக்கட்டு. அவர்கள் பாதி கொடுத்தால் போதும். எந்தக் காலத்திலோ யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் ஏற்படுத்தி வைத்த சலுகை அது.

நரசிம்மன் கூட்டத்தின் ஓரத்தில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே கைகள், அதே பைகள். சர்க்காருக்குத் திறக்காதது அம்மனுக்கு எப்படித் திறக்கிறது? பக்தி என்று சொல்லிவிடலாம். ஆனால் அவருக்குத் தெரியும், அது பக்தி மட்டும் இல்லை. வசூல் நாளன்று கோயில் வாசலில் தாம்பாளம் வைப்பார்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் பம்பைக்காரன் ஒரு தட்டுத் தட்டுவான். பேருக்குரியவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து பணத்தை வைத்து, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போவான். அந்தப் பத்தடி தூரம் நடப்பதற்காக, அண்டாவை அடகு வைத்தவர்கள் உண்டு.

கூட்டம் கலைந்ததும் அவர் தணிகாசலத்திடம் போனார்.

"மாமா, ஒரு யோசனை. அன்னிக்கி அதே தாம்பாளத்துல வூட்டு வரியையும் வாங்கிக்கலாமா?"

தணிகாசலம் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அம்மன் தட்டுல சர்க்காருக்குப் பங்கா? நல்லா கேக்கற போ."

"தட்டு ரெண்டா வெச்சிக்கலாம். பம்பை ஒண்ணுதானே. வசூல் ஆச்சின்னா சர்க்கார் இன்னொரு மடங்கு போடும். ஏரி தூர் வாரலாம். ஊருக்கு வேல கெடைக்கும்."

"வேலய யாருக்கு குடுப்ப? உன் ஆளுங்களுக்கா?"

"அய்யே. எல்லாருக்கும்தான்."

"எல்லாருக்கும்னா ஒருத்தருக்கும் இல்லன்னு அர்த்தம்." தணிகாசலம் யோசித்தார். "தலைக்கட்டுக்கு ஒரு ஆளுன்னு வெய்யி. எவனும் வாயத் தொறக்க மாட்டான். அதுக்கு ஒத்துக்கினா பம்பை உனக்கும் தட்டும்."

நரசிம்மன் உடனே ஒத்துக்கொண்டார். தலைக்கட்டுக்கு ஓர் ஆள்; இதைவிட நியாயமாக என்ன இருக்க முடியும்? ஊரை வீடுகளாக எண்ணினாலும் தலைக்கட்டுகளாக எண்ணினாலும் ஒன்றுதான் என்று அவர் நினைத்தார். புங்கந்தாங்கலில் யாரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

வசூல் நாள் பங்குனி முதல் வெள்ளிக்கிழமை. இரண்டு தாம்பாளங்கள். பாண்டுரங்கனுக்கு மனைவி வேட்டியைக் கஞ்சி போட்டுக் கொடுத்திருந்தாள். அவருடைய உத்தியோகத்தில் ஜனங்கள் அவரைத் தேடி வந்தது அன்றைக்குத்தான். பெயர் கூப்பிடுகிற வேலையும் அவருக்கே வந்தது.

"தணிகாசலம்! தலைக்கட்டு ஒண்ணு, ஓட்டு வூடு ஒண்ணு!"

பம்பை ஒரு தட்டு. பெரியதனம் எழுந்து வந்து இரண்டு தட்டிலும் வைத்தார். அதோடு மடை திறந்ததுபோல் ஆயிற்று. கேட்காமலே போன வருட பாக்கியையும் சேர்த்து வைத்தார்கள். சுப்பன் பெயர் வந்தபோது மட்டும் கொஞ்சம் சத்தம் ஆனது.

"சுப்பன்! தலைக்கட்டு ஒண்ணு, கூரை வூடு ஒண்ணு!"

"எவன்யா சொன்னது கூரைன்னு?" சுப்பன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தான். "முன்பக்கம் ஓடு போட்டுக்கீறது கண்ணுக்குத் தெரியலியா?"

"நீதானப்பா போன மாசம் வூடு மொத்தமும் கூரைன்னு சொன்ன?" என்றார் பாண்டுரங்கன்.

"போன மாசம் சொன்னத இன்னிக்கி எதுக்கு இழுக்கற? ஓடுன்னு சொல்லு!"

சுப்பனின் சம்பந்தி வீட்டார் கூட்டத்தில் நின்றிருந்தார்கள். ஓடு என்று சொல்லப்பட்டது. பம்பைக்காரன் அவனுக்காக இரண்டு தட்டுத் தட்டினான். சுப்பன் அதிக வரியைச் சந்தோஷமாகக் கட்டிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு போனான். பஞ்ச காலத்தில் வரியை எப்படி ஏற்றுவது என்று பெரிய பெரிய இடங்களில் யோசிக்கிறவர்கள் அன்றைக்கு வந்து பார்த்திருக்கலாம் என்று நரசிம்மன் நினைத்துக்கொண்டார்.

அப்புறம் பாண்டுரங்கன் ஒரு பெயரில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"கிளியம்மாள்."

கூட்டம் திரும்பியது. கிளியம்மாளின் புருஷன் மூன்று வருடங்களுக்கு முன் காமாலையில் போய்விட்டான். கொத்தனார். தன் வீட்டுக்குத் தானே சுவர் வைத்து, தானே ஏறி ஓடு வேய்ந்தவன். அவன் போன பிறகு, பத்து வயது மகளும் அவளும் மட்டும். அரைத் தலைக்கட்டு. அரைத் தலைக்கட்டுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு ஓரமாக வந்து பாதியை வைத்துவிட்டுப் போவார்கள். ஆனால் வீட்டு வரியில் அரை வீடு என்று ஒன்று கிடையாது.

"ஓட்டு வூடு ஒண்ணு," என்று பாண்டுரங்கன் மெதுவாக முடித்தார்.

பம்பைக்காரன் தட்டலாமா என்று தணிகாசலத்தைப் பார்த்தான். அவர் வேறெங்கோ பார்த்தார். கிளியம்மாள் அதற்குள் பாதித் தூரம் வந்துவிட்டாள். பம்பைக்காரன் அவசரமாக ஒரு தட்டுத் தட்டினான். சர்க்கார் தட்டில் முழுசாக வைத்தாள். பால் கறந்துகொண்டிருந்த ஆட்டைக் குட்டியோடு போன வாரம் சந்தையில் விற்றிருந்தாள் என்பது ஊருக்குத் தெரியும். வெற்றிலை பாக்கை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். கடைசியில் மற்ற அரைத் தலைக்கட்டுகளோடு சேர்ந்து வந்து, அம்மன் தட்டில் பாதியும் வைத்தாள்.

சர்க்கார் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. அதற்கும் ஊர் தயாராக இருக்கவில்லை. திருவிழா முடிந்து, மழை வராமல், சித்திரைக் கடைசியில் பணம் வந்தது. ஏரிக்குள் மண் வெட்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஆட்களைப் பார்த்துக்கொள்ள ரத்தினத்தை மேஸ்திரியாகப் போட்டார்கள். அம்பத்தூரில் மூடிப்போன கம்பெனியிலிருந்து வந்தவன். ஏரியையும் கம்பெனி மாதிரியே நடத்தினான். காலையில் எட்டு மணிக்கு விசில் ஊதுவான். யாராவது தாமதமாக வந்தால், "லைன் நிக்குதுய்யா, லைன் நிக்குது!" என்று கத்துவான். காய்ந்த ஏரியில் எந்த லைன் நிற்கிறது என்று யாருக்கும் புரியாவிட்டாலும் ஓடி வந்தார்கள்.

முதல் நாள் கிளியம்மாள் கூடையோடு வந்தாள், வேலை செய்தாள், சாயங்காலம் கூலி வாங்கிக்கொண்டு போனாள். இரண்டாம் நாளும் வந்தாள்.

"உனக்கு இன்னிக்கி இல்லக்கா," என்றான் ரத்தினம். "ஒரு நாள் விட்டு ஒரு நாளு."

"ஏன்?"

"அரைத் தலைக்கட்டுக்கு அரை ஷிப்டு கணக்கு. நான் போட்ட ரூல் இல்ல. பெரியதனம் சொன்னது."

அவள் சண்டை போடவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. கரையில் ஏறி, கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் விசில் ஊதியதும் எழுந்து போனாள். மூன்றாம் நாள் அவள் முறை, வேலை செய்தாள். நான்காம் நாள் மறுபடி கரை. மண் சுமந்து மேலே வருகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. "ஊருக்குக் காவல் தெய்வம் ஒண்ணு புதுசா வந்துகீது," என்று சுப்பன் சொன்னான். சிலர் சிரித்தார்கள்.

நரசிம்மன் அவளிடம் போய் நின்றார்.

"இன்னா கிளி, வெயில்ல ஒக்காந்துக்கினு. வூட்டுக்குப் போ. நாளைக்கி உன் மொறைதானே."

"மொறை எனக்குத் தெரியுது ணா. கணக்குதான் தெரியல. தட்டுல முழுசா வெச்சனே, அது யாருக்கு?"

"சர்க்காருக்கு."

"இந்த மண்ணு வெட்றது யாரு துட்டு?"

"சர்க்கார் துட்டுதான். ஊரு துட்டும் கீது."

"அப்ப தலைக்கட்டு எங்கேர்ந்து வந்துச்சி நடுவுல?"

நரசிம்மனுக்குப் பதில் தெரியும். அவரே ஒத்துக்கொண்டது. கொடுக்கும்போது வீடாக எண்ணினார்கள், வாங்கும்போது தலையாக எண்ணுகிறார்கள். நடுவில் அவருடைய ஓர் அவசரமான தலையாட்டல்.

"ஒண்ணு பண்றேன். வரியில பாதியத் திருப்பிக் குடுத்துடச் சொல்றேன்."

"மழ வந்தா என் வூடு பாதிதான் நனையுமா?" என்றாள் கிளியம்மாள். "எனக்குத் துட்டு வாணாம் ணா. வேல வேணும். ஒரு நாள் கூலிய ரெண்டு நாளைக்கி இழுத்தா கஞ்சி தண்ணியாத்தான் ஆவுது. பொண்ணு மொத்தத்தையும் குடிச்சிட்டு இன்னும் கீதான்னு பாக்குது."

அன்று சாயங்காலம் நரசிம்மன் தணிகாசலத்தைப் பார்க்கப் போனார். தணிகாசலம் கோபப்படவில்லை. நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்று நம்புகிறவர்களின் நிதானம் அவரிடம் இருந்தது.

"நரசிம்மா, ஒரு தலைக்கட்டுன்னா புருஷன், பொண்டாட்டி, புள்ளைங்க, வயசானதுங்கன்னு அஞ்சாறு வயிறு. அவ வூட்ல ரெண்டு வயிறு. அஞ்சுக்கு ஒரு கூலின்னா ரெண்டுக்கு அரைக் கூலி. இதுல அநியாயம் எங்க கீது? காட்டு."

"அவ வரிய முழுசா கட்டிக்கீறா மாமா."

"அது நீ வாங்கினது. நான் வாங்கினது பாதி. நான் இத்தினி வருஷமா பாதிதான் வாங்கறேன். அவளுக்குப் பாவம் பாத்துத்தானே வெச்சது? இன்னிக்கி அவள முழுசாக்கினா நாளைக்கி மீதி ஒம்போது அரையும் வந்து நிக்கும். அதுங்களுக்கு நாள் குடுத்தா முழு ஆளுங்களுக்குக் கொறையும். அப்பறம் ஆனி மாசம் ரெண்டாந்தடவ தட்டு வெச்சிக்கினு ஒக்காரு, எவன் வரான்னு பாக்கறேன். பம்பை என்னுது."

இரண்டாம் தடவை என்பது உண்மை. ஏரி பாதிதான் வெட்டியிருந்தது. இன்னொரு தவணை வரி வசூலானால், சர்க்கார் இன்னொரு பங்கு போடும். இல்லாவிட்டால் வேலை ஆனியோடு நின்றுவிடும். முழு, அரை என்று இல்லாமல் எல்லாருக்கும் நின்றுவிடும். நரசிம்மன் இரண்டையும் மாற்றி மாற்றி நிறுத்துப் பார்த்தார். ஒரு பக்கம் ஊர், இன்னொரு பக்கம் கவிழ்த்துப் போட்ட ஒரு கூடை. பஸ்ஸில் பார்த்த வட்டத்தில் இப்படி ஓர் இடம் இருந்ததாக அவருக்கு நினைவில்லை.

அடுத்த வாரம் பி.டி.ஓ. ஜீப்பில் வந்தார். கரையில் ஏறி நின்று, ஏரிக்குள் எறும்புபோல ஊர்கிற ஜனங்களைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. அதுவரைக்கும் நரசிம்மன் அவர் சிரித்துப் பார்த்ததில்லை.

"பிரமாதம் தலைவரே! எப்படி வசூல் பண்ணீங்க? மத்த ஊர்ல எல்லாம் கால்வாசி தேறல."

"பம்பை அடிச்சி சார்."

"எழுதி அனுப்புங்க. எல்லாப் பஞ்சாயத்துக்கும் சொல்லணும்." பிறகு அவர் கண் கரையோரமாகப் போயிற்று. "அந்தம்மா ஏன் உட்கார்ந்திருக்காங்க?"

"இன்னிக்கி அவங்க மொறை இல்ல சார்."

பி.டி.ஓ. தலையாட்டினார். "முறை வெச்சுக் குடுக்கறது நல்லதுதான். நாலு பேருக்குப் போய்ச் சேரும்." ரத்தினம் கொண்டுவந்த இளநீரைக் குடித்துவிட்டு, ஆனி மாத வசூலை மறந்துவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் கிளப்பிய புழுதி அடங்க நேரம் பிடித்தது.

புழுதி அடங்கியபோது கிளியம்மாள் எழுந்து நின்றிருந்தாள். கூடை இப்போது கவிழ்ந்திருக்கவில்லை, அவள் இடுப்பில் இருந்தது. கீழே ஏரிக்குள் தணிகாசலம் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று மேலே பார்த்தார். மண் கொட்டிவிட்டுத் திரும்பிய சுப்பனும் நின்றான். ரத்தினம் விசிலை வாய்வரைக்கும் கொண்டுபோய் ஊதாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

நரசிம்மன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் பக்கத்தில் வந்தாள். குரலை உயர்த்தவில்லை, ஆனாலும் கரையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

"ஆனி மாசமும் நான் முழுசாத்தான் கட்டப்போறேன் ணா. காதுல கெடக்கறத வித்தாவது கட்டுவேன், எம்மேல பாக்கின்னு பேச்சு வராது. அந்த ஆபீசருக்கு நீ ஒண்ணும் சொல்ல வாணாம். பெரியதனத்துக்கிட்டயும் நான் மல்லுக்கு நிக்கல. நீ தலைவரு; எங்கிட்ட வரி கேட்டது நீ. அதனால உன்னத்தான் கேக்கறேன். இப்ப இந்தக் கூடையோட கீழ எறங்கறேன், இன்னிக்கி எனக்கும் வேல கீதுன்னு ரத்தினத்துக்கிட்ட ஒரு வார்த்த சொல்லு ணா."